ஒண்ணும் ஆகலையே!

ஊருக்குக் கிளம்பும்போது கேஸை மூடினோமா, மோட்டாரை நிறுத்தினோமா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிற ரகமா நீங்கள்? நானும் அந்த ரகம்தான். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தால்தான் எனக்குப் படி இறங்கக் கால் வரும். அப்படிப்பட்ட நான் செய்த ஒரு காரியத்தை இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு ஹாம்ஸ்டர் இருக்கிறது. பார்க்காதவர்கள், வால் இருப்பதே தெரியாத ஒரு குண்டு எலியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஏழாவது படிக்கிற என் மகள் அதற்கு வைத்த பெயர் பட்டாணி. விலை நானூறு ரூபாய். கூண்டு, ஓடுவதற்குச் சக்கரம், தண்ணீர் பாட்டில், மரத்தூள் மூட்டை எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு. முதலைவிட நிர்வாகச் செலவு அதிகம் என்று பி.காம். படித்த மூளை அன்றைக்கே முணுமுணுத்தது.

போன தை மாசம் திருநெல்வேலியில் என் மச்சான் மகளுக்குக் கல்யாணம். வியாழக்கிழமை ராத்திரி ரயில். திங்கட்கிழமை விடியற்காலை வீடு திரும்புவதாகத் திட்டம். பட்டாணியை என்ன செய்வது?

எதிர் ஃப்ளாட் அம்மாவிடம் கேட்டோம். "எலியவா பாத்துக்கச் சொல்றீங்க? எங்க வீட்ல பொறி வெச்சுல்ல புடிக்கிறோம்!" என்று சிரித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பிள்ளையாருக்கு வாகனமாக இருந்தால் கும்பிடுவோம், அடுப்படியில் வந்தால் பொறி வைப்போம், கூண்டில் இருந்தால் பெயர் வைப்போம். நம்முடைய தர்மம் எல்லாம் எலி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அவர் இல்லையென்றால் இன்னொரு கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. உண்மையான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். யார் பார்த்துக்கொள்வதாக இருந்தாலும் வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். உள்ளே பீரோ இருக்கிறது. நாலு நாள் சாவியை அடுத்தவர் கையில் கொடுப்பதா என்று ஒரு தயக்கம். ஆக, பீரோவின் பாதுகாப்பையும் பட்டாணியின் பாதுகாப்பையும் தராசில் வைத்து, பீரோவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதினேன்.

"மூணு நாள்தானே, ஒண்ணும் ஆகாது" என்றேன் மகளிடம்.

"நாலு ராத்திரிப்பா. அதுக்கு ராத்திரிதானே பகல்!" என்றாள்.

ஹாம்ஸ்டர் பகலெல்லாம் தூங்கும். ராத்திரி விழித்துச் சாப்பிடும், குடிக்கும், சக்கரத்தில் ஓடும். ஆகவே அவள் கணக்குதான் சரி. என் கணக்கு மனுஷக் கணக்கு.

கிண்ணம் நிறையத் தீனி வைத்தோம். பாட்டிலை நிரப்பினோம். மகள் ஒரு வாரமாகப் பட்டாணி எவ்வளவு குடிக்கிறது என்று பார்த்து வைத்திருந்தாள். ஸ்கெட்ச் பேனாவால் பாட்டிலில் நான்கு கோடு போட்டு, பக்கத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று எழுதினாள். கடைசி நிமிஷத்தில் அரை வெள்ளரிக்காயை வேறு கூண்டுக்குள் வைத்தாள். "அழுகி நாறும், எடு" என்று அதட்டினேன். எடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆட்டோ வந்துவிட்டது.

கல்யாண வீட்டில் பேச்சு எங்கெங்கோ போய்ப் பட்டாணியிடம் வந்தது. "காட்டுல இருக்கற எலிக்கு யாரு மாப்ளே தண்ணி வெக்கிறா?" என்று மச்சான் கேட்டார். பந்தியில் எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

மச்சானின் கேள்வி நியாயமானது மாதிரிதான் தெரியும். ஹாம்ஸ்டரின் கதையைக் கேட்டால் அப்படித் தெரியாது. 1930-ம் வருஷம் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியல் அறிஞர் சிரியாவில் அலெப்போ நகரத்துப் பக்கம் ஒரு வளையைத் தோண்டவைத்து, ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் பிடித்தார். பிழைத்த சில குட்டிகளை ஜெருசலேமுக்குக் கொண்டு போய் இனப்பெருக்கம் செய்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க வீடுகளில் வளர்கிற பொன்னிற ஹாம்ஸ்டர்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு குடும்பத்தின் வாரிசுகள். சிரியா வயல்காட்டில் அது தன் வளையைத் தானே தோண்டிக்கொள்ளும். தானியத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். வெயில் அதிகமானால் ஆழமாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். யாரும் தண்ணீர் வைக்க வேண்டியதில்லை, உண்மைதான். ஆனால் அங்கே யாரும் அதன் வாசலைப் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போவதும் இல்லை. ஓர் உயிர் தன் பிழைப்பைத் தேடிப் போகிற வழியை நாம் அடைக்கிறோம். அடைத்த நிமிஷத்தில் இருந்து அதன் பிழைப்பு நம் தலையில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'ஐயோ பாவம், தனியா இருக்குமே' என்று நாம் உருகுகிறோம் பாருங்கள், அது தேவையே இல்லை. வளர்ந்த பொன்னிற ஹாம்ஸ்டர் தனிக்கட்டை. இரண்டைச் சேர்த்து விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். ஸ்விட்ஸர்லாந்தில் 2008-ல் வந்த விதிகளின்படி, கினிப் பன்றி மாதிரி கூட்டமாக வாழும் பிராணிகளைத் தனியாக வளர்க்கக் கூடாது. ஹாம்ஸ்டர் அந்த ரகம் இல்லை. நாம் போனால் அது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஏங்காது. நம் பெயரைச் சொல்லி அழாது. அதற்குத் தேவை நம் அன்புகூட இல்லை, தினம் ஒரு தடவை வந்து பார்க்கிற இரண்டு கண்கள். நாம் தாராளமாக அன்பைக் கொடுத்துவிட்டு, அந்தக் கண்களைக் கொடுக்க மறந்துவிடுகிறோம்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணி. மனைவியும் மகளும் லிஃப்ட்டில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்க, நான் படியேறி முதலில் வந்து கதவைத் திறந்தேன். நேராகக் கூண்டுக்குப் போனேன்.

பட்டாணி உயிரோடு இருந்தது. மரத்தூளுக்குள் இருந்து மூக்கை நீட்டிப் பார்த்தது. கிண்ணம் காலி. அது பரவாயில்லை. கன்னத்துப் பைகளில் அடைத்துக்கொண்டு போய் மூலையில் புதைத்து வைக்கிற பிராணி அது. ஜெர்மன் மொழியில் பதுக்குவதற்கே ஹாம்ஸ்டர் பெயரில்தான் வினைச்சொல். 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் ஜனங்கள் கடைகளைக் காலி செய்ததை அங்கே 'ஹாம்ஸ்டர் கொள்முதல்' என்றார்கள். ஆனால் தீனியைப் பதுக்கத் தெரிந்த அதற்குத் தண்ணீரைப் பதுக்கத் தெரியாது.

பாட்டிலைப் பார்த்தேன். தண்ணீர் வெள்ளிக்கிழமைக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றுகொண்டிருந்தது. சனிக்கிழமைக் கோட்டைத் தொடவே இல்லை.

அந்த பாட்டிலின் குழாய் நுனியில் ஒரு சின்ன எஃகுக் குண்டு இருக்கும். பிராணி நாக்கால் தள்ளினால் குண்டு உருளும், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும். குண்டு சிக்கிக்கொண்டால் பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தும் ஒரு சொட்டு வராது. அதுதான் நடந்திருக்கிறது. விரலால் அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. இரண்டு தட்டுத் தட்டியதும் சொட்டியது. பட்டாணி ஓடி வந்து குழாயைப் பிடித்துக்கொண்டு குடித்தது பாருங்கள், நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் அவ்வளவு நேரம் அது குடித்து நான் பார்த்ததில்லை.

மூலையில் வெள்ளரிக்காய்த் தோல் ஒரு துண்டு கிடந்தது. மீதி எதுவும் இல்லை. மகள் நான் சொன்னதைக் கேட்கவில்லை. அதனால் பட்டாணி பிழைத்திருக்கிறது.

இதுவரைக்கும் அசட்டை, சோம்பேறித்தனம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அடுத்து நான் செய்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது. லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நான் பாட்டிலைக் கழற்றி, வாஷ்பேசினில் தண்ணீரைக் கொட்டினேன். சரியாகத் திங்கட்கிழமைக் கோடு வரை. திரும்ப மாட்டினேன்.

மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். "தண்ணி குடிச்சுதாப்பா?"

"நாலு கோடும் குடிச்சிருக்கு பாரு."

"கரெக்டா!" என்று கைதட்டினாள். மனைவி பெருமூச்சு விட்டாள். சாயந்திரம் மச்சான் போன் பண்ணிக் கேட்டார். "ஒண்ணும் ஆகலையே?" "ஒண்ணும் ஆகலை" என்றேன்.

இந்த 'ஒண்ணும் ஆகலையே' என்பது எவ்வளவு சௌகரியமான வார்த்தை என்று யோசித்துப் பாருங்கள். ஹெல்மெட் இல்லாமல் போனேன், ஒண்ணும் ஆகலை. குழந்தையைத் தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன், ஒண்ணும் ஆகலை. செய்தது சரியா தப்பா என்ற கேள்விக்கு, நடந்தது என்ன என்பதைப் பதிலாகச் சொல்கிறோம். தீ விபத்து இன்ஷூரன்ஸ் எடுக்காத கம்பெனியில் ஒரு வருஷம் தீப்பிடிக்கவில்லை என்றால், எடுக்காதது புத்திசாலித்தனம் என்று எந்த ஆடிட்டரும் எழுத மாட்டார்.

அந்தக் கம்பெனியாவது பரவாயில்லை. தீப்பிடித்தால் நஷ்டம் அதற்குத்தான். யார் ரிஸ்க் எடுக்கிறாரோ அவருக்கு லாபம், நஷ்டமும் அவருக்கே. இது வியாபார தர்மம். என் விஷயத்தில் கல்யாணச் சாப்பாடு எனக்கு, சாவி கொடுக்காத நிம்மதி எனக்கு, தாகம் மட்டும் பட்டாணிக்கு. அதனிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

தத்துவப் பேராசிரியர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இருவரும் 'மாரல் லக்' என்று இதைப் பற்றி எழுதினார்கள். பிரேக்கைச் சரிபார்க்காத ஒரு லாரி டிரைவர். குறுக்கே குழந்தை வந்தால் அவன் உயிரைப் பறித்தவன். வராவிட்டால் சும்மா கொஞ்சம் கவனக்குறைவானவன். அசட்டை இரண்டிலும் ஒன்றுதான். மாறியது குழந்தை வந்த நேரம் மட்டும்.

நமக்கு இது புதுசு இல்லை. திருவாரூரில் மனுநீதிச் சோழன் மகன் தேரோட்டிப் போனான். கன்று துள்ளிக் குறுக்கே வந்து சக்கரத்தில் சிக்கியது. பசு ஆராய்ச்சி மணியை இழுத்தது. ராஜா மகனையே தேர்க்காலில் இட்டார் என்பது கதை. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலையே இருக்கிறது. நான் யோசித்தது வேறு. அந்தக் கன்று ஒரு நொடி தாமதமாகத் துள்ளியிருந்தால்? இளவரசன் அதே வேகத்தில் அரண்மனைக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பான். மணி ஒலித்திருக்காது. கதையும் இல்லை. அதே தெரு, அதே வேகம்.

அந்தப் பசுவுக்கு இழுக்க ஒரு மணியாவது இருந்தது. கூண்டுக்குள் இருப்பதற்கு அதுவும் இல்லை. நாய் என்றால் குரைத்து அக்கம்பக்கத்தைக் கூட்டும். பூனை கத்தும். ஹாம்ஸ்டர் பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காமல் செத்துப்போகும். முறையிட முடியாத ஒன்றை ஏமாற்றுவது சுலபம். சுலபம் என்பதால்தான் அங்கே நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி, வளர்க்கும் பிராணிக்குப் போதுமான தீனியும் தண்ணீரும் கொடுக்காமல் இருப்பது குற்றம். முதல் தடவைக்கு அதில் எழுதியிருக்கிற அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. எங்கள் தண்ணீர் பாட்டிலின் விலையே அதைவிட அதிகம். எனவே போலீஸை விட்டுவிடுவோம். விஷயம் எனக்கும் என் மகளுக்கும் நடுவில் இருக்கிறது.

நான் சொல்லாமலே இருந்திருப்பேன். பட்டாணி நன்றாக இருக்கிறது, குண்டும் சரியாகிவிட்டது, குழந்தை மனசை ஏன் கலைக்க வேண்டும் என்று எனக்கு நானே வக்கீல் வைத்திருந்தேன். மாசி மாசம் குலதெய்வக் கோயிலுக்குப் போகிற பேச்சு வந்தது. ஐந்து ராத்திரி. மகள் அசராமல் சொன்னாள். "போன தடவை மாதிரியே வெச்சிட்டுப் போலாம்பா. கரெக்டா நாலு கோடு குடிச்சுதே. இந்தத் தடவை அஞ்சு கோடு போட்டுடறேன். வெள்ளரிக்காகூட வேணாம், நீதான் நாறும்னு சொன்னியே."

எனக்கு வயிற்றைப் புரட்டியது. நான் திருத்தி எழுதிய கணக்கை நம்பி ஒருத்தி அடுத்த பட்ஜெட் போடுகிறாள்!

பெரிய இடங்களிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. 1974 டிசம்பர் 1-ம் தேதி டி.டபிள்யூ.ஏ. 514 என்ற விமானம் வாஷிங்டன் பக்கம் இறங்கப் போகும்போது வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதியது. 92 பேர் இறந்தார்கள். விசாரித்தால், சுமார் ஆறு வாரத்துக்கு முன்னால் வேறொரு கம்பெனியின் விமானம் அதே இடத்தில், அதே குழப்பத்தில், மயிரிழையில் தப்பியிருக்கிறது. அந்தக் கம்பெனி தன் பைலட்டுகளுக்கு மட்டும் எச்சரிக்கை சொல்லிவிட்டது. மற்றவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அதற்கப்புறம்தான், 1976-ல், 'மயிரிழையில் தப்பினோம்' என்று பைலட்டுகள் தைரியமாக எழுதிப் போடுவதற்கென்றே அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு வந்தது. நாஸா அதை நடத்துகிறது. பெயர் வெளியே வராது. ஒண்ணும் ஆகாத சம்பவத்தைச் சொல்லாமல் விட்டால் அடுத்தவனுக்கு அது ஆகும் என்பதை 92 உயிர் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். குண்டு சிக்கியது, தண்ணீர் நின்ற இடம், நான் கொட்டியது, எல்லாவற்றையும். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். எழுந்து போய்க் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டாள்.

"வெள்ளரிக்கா வெக்காம இருந்து, பட்டாணி செத்துப் போயிருந்தா, என்னப்பா சொல்லியிருப்ப?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். 'ஹாம்ஸ்டருக்கு இரண்டு, மூன்று வருஷம்தான் ஆயுசு கண்ணு. அதுக்கு அவ்வளவுதான் எழுதியிருக்கு' என்று தலையைத் தடவியிருப்பேன். பிழைத்தால் 'ஒண்ணும் ஆகலையே.' செத்தால் 'ஆயுசு அவ்வளவுதான்.' நம் பேரேட்டில் இரண்டு பக்கமும் நமக்குச் சாதகமாகவே எழுதி வைத்திருக்கிறோம். எது நடந்தாலும் நம் கணக்கில் பற்று விழாது. இப்படி ஒரு பேரேட்டை எந்தக் கம்பெனியாவது வைத்திருந்தால் பேப்பரில் கிழித்திருப்பேன். வீட்டில் நானே வைத்திருந்தேன்.

அதற்காக ஊருக்கே போகக் கூடாது என்று சொல்ல வரவில்லை. என் கணக்கில் ஒரு ராத்திரி என்றால் சமாளிக்கலாம். அதற்கும் ஒன்றுக்கு இரண்டு பாட்டில் வேண்டும், கிளம்புமுன் குண்டைத் தட்டிப் பார்க்க வேண்டும், அடைத்துப் பூட்டிய அறை சித்திரை வெயிலில் அடுப்பு ஆகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. அதற்கு மேல் என்றால் எத்தனை கிண்ணம், எத்தனை பாட்டில் என்று கேட்காதீர்கள். 'யார் வந்து பார்ப்பார்கள்?' என்று கேளுங்கள். பதிலுக்கு ஒரு மனுஷர் பெயர் வரவில்லை என்றால் பிராணியைக் கூடவே எடுத்துப் போங்கள், இல்லை பயணத்தைச் சுருக்குங்கள்.

கோயிலுக்குப் போனோம். கீழே வண்டி போட்டுத் துணி தேய்க்கிற அக்காவிடம் சாவியைக் கொடுத்தேன். பத்து வருஷமாக எங்கள் சட்டைப் பையில் மறந்து விட்ட ரூபாயை எடுத்துத் திருப்பிக் கொடுக்கிறவர். ஏன் முதல் தடவை அவர் ஞாபகம் வரவில்லை என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. "கடிக்குமா சார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஐந்து நாளும் சாயந்திரம் மேலே வந்து, குண்டைத் தட்டி, தண்ணீர் மாற்றி, பட்டாணியைப் போட்டோ எடுத்து மகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். பீரோ பத்திரமாக இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

திரும்பி வந்தபோது நான்தான் கதவைத் திறந்தேன். ஆனால் "நீ இங்கயே நில்லுப்பா" என்று என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டு மகள் முதலில் உள்ளே போனாள். பாட்டில் கோட்டை அவளே பார்த்தாள், அவளே நோட்டில் எழுதினாள்.

ஆடிட்டரை மாற்றிவிட்டாள். நான் ஆட்சேபிக்கவில்லை.